தவணை முறையில் ஆட்குறைப்பு

ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோரை வெளியே அனுப்புவதைவிட மாதக்கணக்கில் படிப்படியாக அனுப்புவதே மனிதாபிமானம் என்று பெருநிறுவன நிர்வாகிகள் வாதிடுகிறார்கள். போகிறவர்களுக்கு அவகாசம் கிடைக்குமாம். எஞ்சியவர்கள் பயந்து கவனமாக வேலை செய்வார்களாம். திறமை குறைந்தவர்கள் மட்டுமே கழிவார்களாம். மூன்றுமே தவறு.

முதலில் அவகாசம். 2025 ஜூலையில் டிசிஎஸ், தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. யார் யார் என்பதைச் சொல்லவில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஒருசேர அழுத்தும் வயதில் இருப்பவர்கள் அவர்கள். போகப்போவது தான்தான் என்று தெரிந்தால்தானே ஒருவர் அவகாசத்தைப் பயன்படுத்த முடியும்? இங்கே 12,000 பேருக்கான அறிவிப்பை 6 லட்சம் பேர் சுமந்தார்கள். மெட்டாவும் 2022 நவம்பரில் 11,000 பேரை நீக்கிய பிறகு, 2023 மார்ச்சில் இன்னும் 10,000 பேர் என்றது. வணிகப் பிரிவினர் தங்கள் கதி தெரிய மே இறுதிவரை காத்திருந்தார்கள்.

காத்திருப்பது உடம்பையும் பாதிக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வின் ஒரு பகுதி 1995இல் வெளியானது. தங்கள் துறை தனியார்மயமாகப்போகிறது என்று அறிந்த ஆண் ஊழியர்களின் உடல்நிலை, வேலை போவதற்கு முன்பே, மற்றத் துறையினரைவிடச் சரிந்திருந்தது.

பயத்தில் வேலை நன்றாக நடக்கும் என்பவர்கள் அந்த மாதங்களில் ஒரு டீமுக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜூனியருக்கு 'கே.டி. கொடு', அதாவது உனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடு, என்று மேனேஜர் சொன்னாலே, தன்னை அனுப்பத்தான் ஏற்பாடு என்று சீனியர் நினைக்கிறார். அதனால் தெரிந்ததில் பாதியை மறைக்கிறார். தவறு நடந்தால் யாரும் முன்வந்து சொல்வதில்லை. ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மீட்டிங் அழைப்பு வந்தால் அன்றைய வேலை அத்தோடு போயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லோரும் இரவுவரை சீட்டில் இருப்பது மட்டும் தெரியும். அதைத்தான் கவனம் என்று கணக்கெழுதுகிறார்கள்.

திறமை குறைந்தவர்கள் மட்டுமே போவார்கள் என்பதும் நிற்காது. வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கக்கூடியவர்கள்தான் பட்டியலுக்குக் காத்திராமல் கிளம்புகிறார்கள். 1 சதவீத ஆட்குறைப்புக்கே தாமாக விலகுவோர் விகிதம் 31 சதவீதம் உயர்வதை 2008இல் டிரெவர், நைபெர்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பெரிய நிறுவனத்தில் எல்லாம் ஒரே நாளில் முடியாது என்பது உண்மைதான். நோக்கியா 2011இல் 13 நாடுகளில் 18,000 பேரைக் குறைக்கத் தொடங்கியபோது அதற்கும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் வேறு வேலை தேட, தொழில் தொடங்க, புதிதாகப் படிக்க என்று ஊழியர்களுக்கு வழிகளையும் பணத்தையும் கொடுத்தது. வேலை முடிந்த நாளில் அவர்களில் 60 சதவீதத்தினருக்கு அடுத்து என்ன என்பது தெரிந்திருந்தது.

ஆட்குறைப்பு தவிர்க்கவே முடியாது என்றால் நிர்வாகங்கள் இதையாவது செய்யட்டும்: எண்ணிக்கையை அறிவிக்கும் நாளிலேயே உரியவர்களிடம் நேரில் சொல்லுங்கள், கடைசி நாளையும் இழப்பீட்டுத் தொகையையும் எழுத்தில் கொடுங்கள், மற்றவர்களிடம் 'இந்த ஆண்டு இனி இல்லை' என்று உறுதி சொல்லி அதைக் காப்பாற்றுங்கள்.