இரண்டு தாலந்து பெற்ற பிள்ளை



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் பங்கு இல்லத்தின் வாயிற்படி ஓய்வதில்லை. மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்திய பெற்றோரும், அவர்களுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளும் வந்தவண்ணம் இருப்பர். "சாமி, எந்த குரூப் எடுக்கலாம்? எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?" என்பதே கேள்வி. ஒரே ஆசை உள்ள பிள்ளைக்கு வழி சொல்வது எளிது. எதிலும் ஆசை இல்லாத பிள்ளைக்குக்கூட ஏதேனும் ஒரு வழி காட்டிவிடலாம். இரண்டு ஆசைகளைச் சமமாகச் சுமந்து நிற்கும் பிள்ளைக்கு விடை சொல்வதுதான் அரிது.

இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று அத்தகையது. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் அறிவியலில் மிக நன்றாகத் தேறியிருக்கிறாள். சிறு வயது முதல் ஓவியமும் வரைகிறாள். பாட்டியின் சுருங்கிய கைகளை அவள் வரைந்த படம் பள்ளியில் பரிசு பெற்றதாம். அவளோ மருத்துவமும் வேண்டும், ஓவியமும் வேண்டும் என்கிறாள். தந்தைக்கு மகளை மருத்துவராகக் காணவேண்டும் என்பது ஒன்றே கனவு. ஓவிய நோட்டுகளை எல்லாம் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். ஓவிய ஆசிரியர், இவள் கவின்கலைக் கல்லூரிக்குப் போகவேண்டியவள் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மாமா, இரண்டையும் ஒன்றாகவே படிக்கலாமே என்று தொலைபேசியில் சொல்கிறார். மூன்று மாதமாக வீட்டில் தந்தையும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று முடிகிறது கடிதம்.

மருத்துவமும் ஓவியமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணமே இந்த மனவருத்தத்தின் வேர் என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் இவை பகை அல்ல, பழைய உறவினர். நற்செய்தியாளரான புனித லூக்காவை மருத்துவர் என்று குறிப்பிடுகிறார் புனித சின்னப்பர். அதே லூக்கா தேவதாயின் திருவுருவத்தை வரைந்தவர் என்பது திருச்சபையின் நெடுநாள் மரபு. சென்னைப் பரங்கிமலைக் கோவிலில் உள்ள அன்னையின் படத்தையும் அவர் கைவண்ணம் என்றே மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வரலாற்று ஆய்வாளர் இதனை எவ்வாறு எடைபோட்டாலும், மருத்துவர்க்கும் ஓவியர்க்கும் ஒருவரையே பாதுகாவலராகத் திருச்சபை கொண்டாடுவது பொருளற்றதன்று. நடுக்கால ஃபுளோரன்ஸ் நகரிலோ, ஓவியர்கள் மருத்துவரும் மருந்து வணிகரும் சேர்ந்திருந்த சங்கத்திலேயே உறுப்பினராயிருந்தனர்.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. இன்று சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தை 1850ஆம் ஆண்டில் தொடங்கியவர் யார் தெரியுமா? அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர். உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் தவழும் கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் வெளிவந்தபோது, அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். ஓவியர் குடும்பத்தில் பிறந்த அவரும் மருத்துவரே. அதே ஆண்டில் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, தொழுநோய் முதலிய நோய்களை ஆராய்ந்தார். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் பயிலுமுன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை முறையால் நிமிர்த்திய அவருக்கு, கைத்தொழில் கற்ற அந்த ஆண்டுகள் வீணாகவில்லை.

ஆகவே ஆசை இரண்டாயிருப்பது குறையன்று. ஆயினும் ஆசைக்கு உறவு உண்டு என்பதால் கல்லூரிக்கும் உறவு உண்டு என்று எண்ணிவிடலாகாது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அரசு கவின்கலைக் கல்லூரியும் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்னும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். எனினும் ஒரே வேளையில் இரண்டிலும் பயில இயலாது. எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. கவின்கலைப் பட்டம் நான்காண்டு. இரண்டும் மாணவரின் முழு நாளையும் கேட்பவை.

அமெரிக்க மாமாவின் அறிவுரை பொய்யன்று. ஆனால் இந்நாட்டுக்குப் பொருந்துவதன்று. அங்கே மருத்துவக் கல்லூரி, நான்காண்டுப் பட்டப் படிப்புக்குப் பின்னரே தொடங்குகிறது. குறிப்பிட்ட அறிவியல் பாடங்களையும் சேர்த்துப் படித்தால், ஓவியத்தையே முதன்மைப் பாடமாகக் கொண்டவரும் பின்னர் மருத்துவத்திற்கு விண்ணப்பிக்கலாம். இங்கோ பள்ளிப் படிப்பு முடிந்த உடனேயே வழி பிரிந்துவிடுகிறது. எனவே நம் பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதிலேயே முடிவெடுக்க நேர்கிறது. இது பெரும் பாரம் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

அப்படியானால் முடிவை எங்கிருந்து தொடங்குவது? எந்தக் கதவு விரைவில் மூடும் என்று பார்ப்பதே முதல் வேலை. நீட் தேர்வு எழுத, மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் படித்திருக்கவேண்டும். உயிரியலைக் கைவிட்ட பிள்ளை பின்னர் அதனைத் தனியாக எழுதித் தேற வழியுண்டாயினும், அது சுற்றுவழி. கவின்கலைக் கல்லூரியோ மேல்நிலைத் தேர்ச்சியையும் வரையும் திறனையும் பார்க்கிறதேயன்றி, எந்தப் பிரிவில் படித்தாய் என்று கேட்பதில்லை. ஆகவே மனம் தெளியாத பிள்ளை உயிரியல் உள்ள பிரிவில் சேர்வதே அறிவுடைமை. அதனால் இரண்டு கதவுகளும் இன்னும் இரண்டு ஆண்டுகள் திறந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஓவிய நோட்டு பரண்மேல் கிடந்தால், ஒரு கதவை நாமே தாழிட்டவர்கள் ஆவோம். கவின்கலைக் கல்லூரியில் சேர்வோரை வரையச் சொல்லிச் சோதிப்பர். ஈராண்டு தூரிகையைத் தொடாத கை அங்கே என்ன செய்யும்? வாரத்தில் சில மணி நேரமேனும் வரையவிடுங்கள். அதனால் மதிப்பெண் குறைந்துவிடாது.

அடுத்து, கல்லூரிகளைப் பற்றிச் சில சொற்கள். மருத்துவத்தையே முதலில் தேர்ந்தால், அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது குடும்பத்திற்கும் பிள்ளைக்கும் பெரும் விடுதலை. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றோர்க்கு, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகத்தில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளை அச்சட்டம் சேர்க்கவில்லை. நம் பங்குப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், இந்தியக் கத்தோலிக்க ஆயர்களால் 1963இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட புனித யோவான் மருத்துவக் கல்லூரியும் நம் மக்கள் பெரிதும் நாடுபவை. இவற்றிலும் நீட் மதிப்பெண் வேண்டும். திருச்சபையின் பரிந்துரையால் வேலூரில் இடம் பெறுவோரும், பெங்களூரில் பயில்வோரும், படிப்பு முடிந்தபின் வசதி குறைந்த இடங்களில் பணிபுரியும் கடப்பாட்டை ஏற்கவேண்டும். அக்கடப்பாடு நல்லதே, ஆனால் அதனைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

தனியார் கல்லூரிக்காக வீட்டை அடகு வைக்க எண்ணும் தந்தையருக்கு ஒரு வார்த்தை. அந்தக் கடன் உங்கள் தோளில் மட்டும் இருப்பதில்லை. படிக்கும் பிள்ளையின் மனத்திலும் அது நாள்தோறும் ஏறி உட்காரும். இடையில் மனம் மாறினாலும் அவளால் வாய் திறக்க முடியாது.

ஓவியத்தையே முதலில் தேர்ந்தால், சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னை ஸ்டெல்லா மேரீஸ் கல்லூரியில் பெண்களுக்கு நுண்கலைத் துறை உண்டு. லொயோலா கல்லூரியில் காட்சித் தொடர்பியல் கற்பிக்கப்படுகிறது. கல்லூரியின் பெயரைக் கேட்டு மயங்காமல், ஒரு நாள் பிள்ளையோடு நேரில் போய்ப் பாருங்கள். மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பு முறையாக நடக்கிறதா, சிற்பக்கூடத்தில் மாணவர் வேலை செய்கின்றனரா, முன்பு பயின்றோர் இன்று எங்கே இருக்கின்றனர் என்று விசாரியுங்கள். உடலமைப்பைக் கற்பிக்காத இடத்தில், மருத்துவத்தில் நாட்டமுள்ள பிள்ளையின் பசி தீராது. வயது வரம்பு, விண்ணப்ப நாள் ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்க.

இவ்விரு வழிகளுக்கும் நடுவே சில பாதைகள் உள்ளன. பலர் இவற்றை அறியார். பல் மருத்துவ மாணவர் மெழுகில் பற்களைச் செதுக்கிப் பழகவேண்டும். கைத்திறன் இல்லாதார் அங்கே தவிப்பர். செயற்கைக் கை கால்களை அளவெடுத்து உருவாக்கும் படிப்பும், நோயாளியைக் கைவேலைகள் வழியே மீண்டும் இயங்கவைக்கும் ஆக்குபேஷனல் தெரபி படிப்பும் வேலூர் முதலிய இடங்களில் உள்ளன. புற்றுநோயால் கண்ணையோ மூக்கையோ இழந்தவருக்குச் செயற்கை உறுப்பு செய்து, அதற்கு அவர் தோலின் நிறத்தையே தீட்டுவோரும் உள்ளனர். அது மருத்துவமா, ஓவியமா? கண்ணாடியில் தம் முகத்தை மீண்டும் பார்க்கத் துணியும் அந்த நோயாளியைக் கேளுங்கள்.

மருத்துவ ஓவியம் என்றே ஒரு தனித் துறையும் உண்டு. ஜெர்மனியில் பிறந்த மாக்ஸ் பிரோடல் என்னும் ஓவியர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1911இல் அதற்கென ஒரு துறையைத் தொடங்கினார். இன்று அங்கும், கனடாவின் டொரன்டோவிலும், ஸ்காட்லாந்தின் டண்டீயிலும் இது முதுநிலைப் படிப்பாக உள்ளது. அமெரிக்க, கனடா நாட்டுக் கல்லூரிகள் அறிவியல் பாடங்களில் தேர்ச்சியையும், வரைந்த படங்களின் தொகுப்பையும் ஒருங்கே கேட்கின்றன. செலவு மிகுந்த வழிதான். ஆயினும் இப்படி ஒரு வழி உண்டு என்று அறிந்த பிள்ளை, உயிரியலில் பட்டம் பெற்றுக்கொண்டே வரைந்து வரலாம். பிராங்க் நெட்டர் என்பவர் முதலில் ஓவியம் கற்றார். குடும்பத்தாரின் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் பயின்று 1931இல் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவத் தொழிலை விட்டுப் படம் வரையவே திரும்பினார். அவர் படங்கள் இன்று எண்ணற்ற மருத்துவ மாணவர்க்கு ஆசான். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும், எழுத்தறியாத ஒரு மூதாட்டிக்குச் சர்க்கரை நோயை விளக்கும் தெளிவான படம் வேண்டியிருக்கிறது அன்றோ?

எந்த வழி என்று பிள்ளையே தெளிய ஓர் எளிய சோதனை சொல்வோம். விடுமுறையில் சில வாரம், பங்கின் மருந்தகத்திலோ முதியோர் இல்லத்திலோ அவள் உதவி செய்யட்டும். புண்ணின் நாற்றத்தையும், பொறுமையிழந்த நோயாளியின் கடுஞ்சொல்லையும் சந்தித்த பின்னும் மறுநாள் போக விரும்புகிறாளா என்று பாருங்கள். அதே வாரங்களில், யாரும் பாராட்டாதபோதும் வரைகிறாளா என்றும் பாருங்கள். டாக்டர் என்னும் பட்டத்தின்மேல் கொண்ட ஆசை வேறு. நோயாளியின்மேல் கொண்ட கனிவு வேறு. கைதட்டலின்மேல் கொண்ட ஆசை வேறு. கலையின்மேல் கொண்ட காதல் வேறு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு தேர்வையே வாழ்க்கை என்று எண்ணி, அதில் தோற்றபின் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்திகளை நம் மாநிலம் பலமுறை படித்துக் கண்ணீர் வடித்துள்ளது. நீட் எழுதப்போகும் பிள்ளைக்கு, "கிடைக்காவிட்டால் இன்ன கல்லூரி, இன்ன படிப்பு" என்பதைத் தேர்வுக்கு முன்பே பெற்றோர் தம் வாயால் சொல்லியிருக்கவேண்டும். தோல்விக்குப் பின் சொல்லும் ஆறுதல் காதில் ஏறுவதில்லை. எத்தனை முறை முயல்வது என்பதையும் முன்னரே பேசி வையுங்கள். மீண்டும் ஓராண்டு என்பது பிள்ளை கேட்டுப் பெறவேண்டியது. பெற்றோர் விதிக்கவேண்டியது அன்று.

கடிதம் எழுதிய தாய்க்கு: உங்கள் மகள் உயிரியல் பிரிவில் சேரட்டும். அதில் உங்கள் கணவருக்கும் மறுப்பிராது. அதற்கு ஈடாக அவரிடம் ஒன்று கேளுங்கள்: பரண்மேல் உள்ள நோட்டுகளை அவரே தம் கையால் இறக்கி மகளிடம் கொடுக்கட்டும். மூன்று மாத மௌனத்தைக் கலைக்க அதனினும் நல்ல வார்த்தை கிடையாது. தாலந்து உவமையில் நிலத்தைத் தோண்டிப் புதைத்த ஊழியனைப் பற்றியும், ஐந்து பெற்றவனைப் பற்றியும் மறையுரைகளில் நாம் அடிக்கடி பேசுகிறோம். இரண்டு பெற்றவன் இரண்டையும் வாணிகத்தில் இட்டான் என்பதையோ பலரும் கவனிப்பதில்லை. அவனும் தலைவனிடம் அதே பாராட்டைப் பெற்றான்.

ஈராண்டுக்குப் பின் அவள் எந்தக் கல்லூரி வாயிலில் நிற்பாள் என்பது இன்று நமக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அன்று அவளோடு தந்தையும் உடன் வந்து நிற்கவேண்டும். அதற்காகவே நாம் மன்றாடுகிறோம்.