தரைக்கு எத்தனை டைல்ஸ்? நாமே கணக்குப் போடலாம்!

“வைகாசி கருட சேவைக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது. அதற்குள் தறிக்கூடத்துக்கு டைல்ஸ் போட்டுவிட ஆசை. கூடம் 17 அடி நீளம், 11 அடி அகலம். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் 12 பெட்டி போதும் என்கிறார் கொத்தனார். பக்கத்து வீட்டில் பாதியில் டைல்ஸ் தீர்ந்து, வேறு நிறத்தில் ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது” என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்.

நியாயமான பயம்தான். தறி வீட்டில் டைல்ஸ் குறைந்தால் கல்லின் விலையோடு போகாது. வேலை முடிகிறவரை தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலி ஏது? ஆகவே சகோதரி, ஒரு பென்சிலும் பிள்ளையின் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கொத்தனார் கணக்கைப் பார்ப்போம். 17ஐ 11ஆல் பெருக்கினால் 187 சதுர அடி. ஒரு கல் 4 சதுர அடி என்று வகுத்தால் 47 கல். பெட்டிக்கு 4 கல் வீதம் 12 பெட்டி. கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள்.

ஒன்று, ‘இரண்டடி டைல்ஸ்’ என்று கடையில் சொல்வது உண்மையில் 60 சென்டிமீட்டர். இரண்டடி என்றால் கிட்டத்தட்ட 61. ஒரு சென்டிமீட்டர்தானே என்று விடாதீர்கள்! அதனால் ஒரு கல் மூடுவது 4 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 3.87 சதுர அடிதான். நாலு கல் பெட்டி 16 சதுர அடி மூடாது, 15.5தான் மூடும். இதிலேயே 47 கல் 49 ஆகிவிட்டது.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. டைல்ஸை மாவு மாதிரி பரப்ப முடியாது; வரிசை வரிசையாகத்தான் போட வேண்டும். கூடத்தின் நீளம் 518 சென்டிமீட்டர். 8 முழுக் கல் போட்டது போக 37 சென்டிமீட்டர் மிஞ்சும். அகலம் 335. 5 முழுக் கல் போக 34 மிஞ்சும் (இடையில் விடும் சந்துக்காக ஒரு சென்டிமீட்டர் கழித்துச் சொல்கிறேன்).

இங்கே ஒரு சின்ன விதி. மிஞ்சும் இடம் பாதிக் கல்லுக்கு (30 சென்டிமீட்டர்) குறைவு என்றால் ஒரு கல்லை வெட்டி இரண்டு இடத்துக்குப் போடலாம். பாதிக்கு மேல் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழுக் கல் செலவு. நம் கூடத்தில் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல்! ஆகவே நீளத்துக்கு 9, அகலத்துக்கு 6. மொத்தம் 54 கல்.

வெட்டும்போது உடைவதற்கு நூற்றுக்கு ஐந்து சேருங்கள். இன்னும் 3 கல். ஆக 57. பெட்டிக் கணக்கில் 15 பெட்டி. பன்னிரண்டு எங்கே, பதினைந்து எங்கே? பார்த்தீர்களா!

வெட்டின மிச்சம் வீணா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 23, 26 சென்டிமீட்டர் அகலத்தில் மிஞ்சும் துண்டுகளை நாலு அங்குலப் பட்டையாக வெட்டினால், சுவரோரம் ஓட்டும் ஸ்கர்ட்டிங்கில் பெரும்பகுதி தேறிவிடும். “துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க மேஸ்திரி” என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

தறிக்குழி இருந்தால் அதன் பரப்பைக் கழிக்க வேண்டாம். குழி ஓரம் முழுக்க வெட்டின கல்தான் வரும். ஒன்றிரண்டு மிச்சமானால் கையிருப்பு. பழைய வீடுகளில் சுவர் நேராக இருக்காது. நீளத்தையும் அகலத்தையும் மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸைக் குறுக்குவாட்டில், டைமண்ட் மாதிரி போட ஆசைப்பட்டால் நூற்றுக்கு ஐந்து போதாது, பதினைந்து வேண்டும்.

எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் வாங்குங்கள். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று தொட்டியில் தோய்த்த அரக்கும் அடுத்த மாதம் தோய்த்த அரக்கும் ஒன்றாக இருக்குமா? டைல்ஸும் அப்படித்தான். பெட்டியின் மேல் பேட்ச் நம்பரும் ஷேடு நம்பரும் போட்டிருக்கும். பதினைந்து பெட்டியிலும் அவை ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். திறக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸ் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவை சூளையில் சுடாதவை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துச் செய்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். குறைந்து போனால் மறுபடி செய்துதான் வர வேண்டும். நிறமும் கொஞ்சம் மாறலாம்.

இன்னொன்று. கூடத்துப் பளபளப்பு டைல்ஸ் மிஞ்சுகிறதே என்று குளியலறைத் தரையில் போட்டுவிடாதீர்கள். ஈரத்தில் வழுக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இடுப்பெலும்புக்கே ஆபத்து. அங்கே சொரசொரப்பான மேட் டைல்ஸ்தான் வேண்டும்; அதற்குத் தனிக் கணக்கு.

மிஞ்சிய நாலைந்து முழுக் கல்லைப் பரண் மேல் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஒரு கல் விரிசல் விட்டால், அதே நிறம் கடையில் கிடைக்குமென்று சொல்ல முடியாது.