மருந்து ஜன்னலில் ஒரு தலையாட்டல்

எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவருக்கு மூட்டுவாதம். விரல் எல்லாம் வீங்கி, கொழுந்து எடுக்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நாங்கள் சொல்ல வருவது எந்த ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். டொக்டர் மெதோட்ரெக்சேட் எழுதினார். ஒரு மாதத்துக்கு 16 மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள் 4 மாத்திரை குடிக்க வேண்டும். உறையில் சிங்களத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது: சதியகட்ட வரக். ஜன்னலில் நின்ற பிள்ளை வாயாலும் சொல்லியிருக்கிறார். பெரியம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

நாலாம் நாளே உறை காலி. வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. எங்களோடு பேராதனையில் படிக்கிற, மருந்தாளர் படிப்புப் படிக்கிற தோழி அந்த வார இறுதியில் ஊருக்கு வந்திருந்தாள். வெறும் உறையைப் பார்த்தவுடனே ஒரு வார்த்தை பேசாமல் த்ரீவீலர் கூப்பிட ஓடினாள். இந்த மருந்தைத் தினம் குடித்தால் எலும்பு மச்சையே அடிபடும், இரத்த அணுக்கள் விழுந்துவிடும், ஆள் போய்விடலாம் என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். பெரியம்மா இரண்டு வாரம் வார்டில் கிடந்து பிழைத்து வந்தார்.

யார் பிழை? முதலில் எங்களுக்கும் அந்த ஜன்னல் பிள்ளை மேல்தான் கோபம் வந்தது. தோழிதான் தடுத்தாள். "அது பயிலுநர் பிள்ளைடி. அவ சொல்ல வேண்டியத சரியாத்தான் சொல்லியிருக்கா. பெரியம்மாவுக்கு விளங்கிச்சான்னு பார்க்க அவளுக்கு யாரும் படிச்சுக் குடுக்கல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

பயிலுநர் மருந்தாளராகப் பெரிய ஆஸ்பத்திரியில் நிற்பது லேசான வேலை இல்லை. தோழி சொல்லச் சொல்ல நாங்கள் வாய் பிளந்து கேட்டோம். ஓ.பி.டி. மருந்தகம், கிளினிக் மருந்தகம், வார்டுகளுக்கு மருந்து போகிற பகுதி, ஸ்டோர்ஸ் என்று மாறி மாறி நிற்க வேண்டும். இன்சுலின் வைக்கிற குளிர்சாதனப் பெட்டி 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோர்பீன் ஒன்று வெளியே போனாலும் பதிவேட்டில் கணக்கு. டொக்டர் எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் டோஸ் பத்து மடங்காகிவிடும், அதையும் பிடிக்க வேண்டும். இவ்வளவுக்கும் வெளியே வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும். ஒரு ஆளுக்குச் சில வினாடிதான் கிடைக்கும்.

ஆனால் இத்தனையும் சரியாக நடந்து, கடைசி ஒரு அடியில், ஜன்னலுக்கும் நோயாளியின் காதுக்கும் இடையில், எல்லாம் கொட்டிப் போகிறது. 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டபோது நாடே பேசியது. பேசத்தான் வேண்டும். மருந்து இருந்தும் அது விளங்காத மொழியில் கைக்கு வருகிறதே, அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. தட்டுப்பாடு இதை இன்னும் மோசமாக்குகிறது. நிறத்தை வைத்து மாத்திரையை அடையாளம் வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கு, கம்பெனி மாறி ரோஸ் மாத்திரை வெள்ளையாக வந்தால் அது வேறு மருந்து. பழையதையும் புதியதையும் சேர்த்துக் குடித்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள்.

மருந்தை வணிகப் பெயரில் இல்லாமல் அதன் சொந்தப் பெயரில், ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில் கொடுக்க வழி செய்தவர் சேனக பிபிலே. அவர் நாங்கள் படிக்கிற இதே பேராதனையில் மருத்துவ பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் வந்ததும் அவரால்தான். அந்த மருந்து இன்றைக்கும் காசில்லாமல் எங்கள் கைக்கு வருகிறது. அதை எப்படிக் குடிப்பது என்பது மட்டும் வந்து சேரவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கைப்படி, அந்த ஆண்டு ஜூலை 1க்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் பயிலுநர் முதல் வாரத்திலேயே ஜன்னலில் நிற்கிறார். பெரியம்மாவின் 16 மாத்திரை 5 வருடம் காத்திருக்காது.

அதற்காகத் தமிழ் தெரிந்த பயிலுநரைப் பிடித்து எந்நேரமும் மொழிபெயர்க்க வைப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளை ஸ்டோர்ஸையும் வார்டையும் எப்போது படிப்பது? தமிழ் தெரிந்தால் மட்டும் போதும் என்பதும் பொய். அச்சில் 'வில்லை' என்று இருக்கும், நாங்கள் மாத்திரை என்போம், யாழ்ப்பாணத்து நண்பன் குளிசை என்பான். அது பரவாயில்லை, விளங்கும். 'காலை உணவுக்கு முன்' என்பதுதான் ஆபத்து. கொழுந்துக்குப் போகிற பெண் விடிய ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மலை ஏறினால், ரொட்டியைப் பிரிப்பது 10 மணி அளவில். கிளிக்லசைட் மாதிரி சீனி இறக்குகிற மாத்திரையை 6 மணிக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கூடை சுமந்தால் அங்கேயே மயங்கி விழ வேண்டியதுதான். "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்காமல் எந்த மொழியில் சொன்னாலும் பலன் இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மருந்து ஜன்னலுக்குத் தேவை இலக்கியத் தமிழ் அல்ல, ஒரு ஐம்பது வசனம். அதைப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லிக் கொடுத்து, டோஸ் கணக்கைச் சோதிக்கிற மாதிரி இதையும் சோதிக்க வேண்டும். வடக்குக் கிழக்கில் பயிலுகிற தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் அதே ஐம்பது. பிறகு, நோயாளியையே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்: "இதை எப்படிக் குடிப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம்?" எல்லாருக்கும் நேரம் இல்லை என்பார்கள். சரி, எல்லாருக்கும் வேண்டாம். மெதோட்ரெக்சேட், வார்ஃபரின், இன்சுலின் வாங்குகிறவர்களுக்கு மட்டுமாவது செய்யலாமே. பெரியம்மா வார்டில் கிடந்த இரண்டு வாரத்துக்கு எத்தனை பேரின் நேரம் போனது என்று கணக்குப் பார்த்தால் இது மலிவு.

எங்கள் பக்கத்துப் பிழையும் உண்டு. விளங்காவிட்டாலும் தலையாட்டுவது எங்கள் பழக்கம். கங்காணிக்கு ஆட்டி, தொரைக்கு ஆட்டி, இப்போது ஜன்னலுக்கும் ஆட்டுகிறோம். "விளங்கல மிஸ், இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்பதை வீட்டில் ஆத்தாமாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது படித்த நாங்கள்தான். கிளினிக் கொப்பியை நாங்கள் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்?

தோழி இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் விடுதி கென்டீனில் தன் பட்ச் சிங்களப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு அந்த வசனங்களைச் சொல்லிக் கொடுக்கிறாள். கலைப் பீடத்து எங்களுக்கு வேலை நோயாளியாக நடிப்பது, வேண்டுமென்றே தலையாட்டி ஏமாற்றுவது. போன கிழமை ஒரு தங்கச்சி ஏமாறவில்லை. "இல்ல பெரியம்மா, நீங்க சொல்லுங்க, எந்தக் கிழமை?" என்று விடாமல் கேட்டாள். 'கிழமை'யைக் 'கிலமை' என்றுதான் சொன்னாள். எங்களுக்கு நன்றாக விளங்கியது.