மலிவு பெல்ட் மெஷினும் கத்தி ஆச்சாரமும்

"மெஷின்ல புடிச்ச கத்தி செத்த கத்தி."
"ரெண்டுக்கு எழுபத்திரெண்டு மெஷின் இல்லாதவன் கத்தி செய்யவே ஆசைப்படக் கூடாது."

கத்திப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இந்த ரெண்டு மந்திரமும் கண்டிப்பாக ஓதப்படும். கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்கா. ஆணி புடுங்குற நேரத்துல கொஞ்சம் திருடி இதை எழுதுறேன். நீளம் ஜாஸ்தி, பொறுத்துக்கோங்க.

நான் வக்காலத்து வாங்குவது 1 அங்குல அகலம், 30 அங்குல நீளமுள்ள பெல்ட் ஓடும் சின்ன மெஷினுக்கு. மரவேலை செய்யறவங்க ஓரம் தேய்க்க வாங்குவது. மோட்டார் மிஞ்சிப் போனால் மூணில் ஒரு பங்கு குதிரைத்திறன். விலை சில ஆயிரம். ஆச்சாரக்காரர்கள் சொல்லும் 2க்கு 72 அங்குல மெஷினோ ஒன்றரை, ரெண்டு குதிரைத்திறன். நல்லதாக வாங்கப் போனால் ஒரு பைக் விலை ஆகும்.

இப்ப ஒவ்வொரு குற்றச்சாட்டா வருவோம்.

1. "சூட்டில் பதம் போயிடும்"

இதில் உண்மை இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். சாதாரண கார்பன் எஃகுக் கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சு எடுத்த பிறகு, சுமார் 200 டிகிரி செல்சியஸில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவாங்க. தீட்டும்போது விளிம்பு அதைத் தாண்டிச் சூடானால் எஃகு இளகும். 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம் வரும். 300ஐ நெருங்கும்போது நீலம். நீலம் பார்த்தாச்சுன்னா அந்த இடத்தில் கூர் நிக்காது. விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசு என்பதால் இதெல்லாம் கண் மூடித் திறக்குறதுக்குள்ள நடந்துடும். ஸ்டெயின்லெஸ் இன்னும் அமுக்கன். அது நிறம் காட்டுறதே லேட்டாத்தான்.

எல்லாம் சரி. ஆனா இந்தச் சூட்டுக்கும் மெஷினோட விலைக்கும் என்னய்யா சம்பந்தம்? பெரிய மோட்டார் இன்னும் வேகமா எரிக்கும். சின்ன மோட்டாரை அமுக்கினா அதுவே முனகிக்கிட்டு நின்னுடும், அந்த வகையில் அது நமக்கு நல்ல வாத்தியார். சூடு வர்றது மூணு காரணத்தால்: அழுத்திப் பிடிக்கிற கை, தேய்ந்துபோன பெல்ட், பக்கத்தில் தண்ணி வாளி இல்லாதது. தேய்ந்த பெல்ட் வெட்டாது, சும்மா உரசும். உரசினா சூடுதான். பெல்ட் காசில் கஞ்சத்தனம் பண்ணிட்டு மெஷினைத் திட்டுறது என்ன நியாயம்?

2. "கல்லில் தீட்டுவதே கலை"

கலைதான். நானும் நல்ல கத்தியைக் கல்லில்தான் முடிக்கிறேன். ஆனா வாயெல்லாம் பல் போன சமையல்கட்டுக் கத்தியைக் கல்லில் வச்சு ரெண்டு மணி நேரம் தேய்ச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம். வேலைக்குப் போற மனுஷன் அதைச் செய்வானா? செய்ய மாட்டான். கத்தி அலமாரி மூலைக்குப் போகும், இல்லேன்னா இழுத்துத் தீட்டுற பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போகும். அந்த டப்பாவில் இருக்கிற கார்பைடு பல்லு விளிம்பைப் பிச்சு எடுக்கும். அதைப் பத்தி நம்ம ஆச்சாரக்காரர்கள் மூச்சு விட மாட்டாங்க. இன்னொண்ணு: கடையில் விக்கிற கத்திகளில் பெரும்பாலானதுக்கு முதல் கூர் வந்ததே ஃபேக்டரியில் பெல்ட்டிலோ சக்கரத்திலோதான். அதெல்லாம் செத்தா பிறந்துச்சு? :-)

முறை ரொம்ப சிம்பிள். 80ஆம் நம்பர் பெல்ட்டைத் தூரப் போடுங்க. 240, 400, கடைசியில் பாலிஷ் தடவின தோல் பெல்ட், போதும். பெல்ட் கீழ்நோக்கி ஓடினால் கூர் கீழே பார்க்கணும். மேலே பார்த்தால் கூர் பெல்ட்டைக் கடிக்கும், கத்தி உங்க மேலேயே பாயும். கத்தியின் அகலம் 40 மி.மீ. என்றால் முதுகை பெல்ட்டிலிருந்து சுமார் 10 மி.மீ. தள்ளிப் பிடிங்க, பக்கத்துக்கு 15 டிகிரி வரும். நுனி பெல்ட்டின் நடுவுக்கு வந்ததும் எடுத்துடுங்க, இல்லேன்னா நுனி உருண்டு போகும். கையுறை வேண்டாம். ஒண்ணு, பெல்ட்டில் மாட்டும். ரெண்டு, சூட்டை முதலில் சொல்றது வெறும் விரல்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முக்கு தண்ணியில்.

3. "இதில் கத்தி செய்யவே முடியாது"

நேரமாகும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். முடியாதுன்னு சொல்லாதீங்க. லாரிப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவா ஆறவிட்டால் ரம்பமும் அரமும் வேலை செய்யும் அளவுக்கு இளகும். உருவத்தை அறுத்து எடுத்துட்டு, சரிவை இந்தக் குட்டி மெஷினில் இறக்கலாம். அப்போ சூட்டைப் பத்திக் கவலையே இல்லை, இன்னும் பதமே ஏத்தலையே! விளிம்பில் அரை முதல் ஒரு மி.மீ. கனம் விட்டு வைக்கணும், இல்லேன்னா தோய்க்கும்போது கோணிக்கும். பதம் ஏத்தின பிறகுதான் தண்ணி வாளி, பொறுமை எல்லாம். பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிற தகடு மெல்லிசாக வளையும். ஒரு கனமான இரும்புப் பட்டையை வச்சு முடுக்கினா தீர்ந்தது. வேகம் குறைக்கணுமா? ஃபேன் ரெகுலேட்டரை மாட்டாதீங்க, மோட்டார் திணறும். ஓட்டுற சக்கரத்தின் விட்டத்தைப் பாதியாக்கினா வேகமும் பாதி.

4. யாருமே சொல்லாத குற்றச்சாட்டு

கத்தியின் பதம் போகுதேன்னு இவ்வளவு அழுகை. பிடிக்கிறவனோட நுரையீரலுக்கு யாராவது அழுறாங்களா? 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரில் கத்தியும் முள்கரண்டியும் சாணை பிடிச்சவங்க கூட்டம் கூட்டமா நெஞ்சு நோயில் செத்தாங்க. தண்ணியில்லாமல் பிடிச்சவங்களோட சராசரி ஆயுள் 35கூட இல்லை, தண்ணி விட்டுப் பிடிச்சவங்களே 45ஐத் தாண்டுறது அபூர்வம்னு எங்கெல்ஸ் 1845இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கார். அது மணற்கல் சக்கரத்தின் தூசி. இன்னிக்கு பெல்ட்டில் இருக்கிறது அலுமினியம் ஆக்சைடு. அதுக்காக, பறக்கிற எஃகுத் தூளை மூச்சில் இழுத்தா நல்லதுன்னு அர்த்தமில்லை. முகமூடி, கண்ணாடி, காத்தோட்டமான இடம். மரத்தூள் கிடக்கிற இடத்தில் பொறி பறக்க விடக் கூடாது. மெஷின் விக்கிறவரும் சொல்றதில்லை, மெஷினைத் திட்டுற பெரியவங்களும் சொல்றதில்லை.

என் கோபம் இதுதான். ஆர்வத்தோட வர்ற பையன்கிட்ட முதல் கேள்வியே "என்ன மெஷின் வச்சிருக்க?"ன்னு கேட்டு விரட்டுறோம். "தண்ணி வச்சிருக்கியா, முகமூடி போட்டியா?"ன்னு கேட்க ஒரு ஆள் இல்லை. தெருவில் சாணை பிடிக்கிறவர் வர்றதும் குறைஞ்சு போச்சு. மழுங்கின கத்தியை அமுக்கி வெட்டி, வழுக்கி, விரலை நறுக்கிக்கறது எல்லா வீட்டிலும் சகஜமாயிடுச்சு. தெருவுக்கு ஒருத்தன் சின்ன மெஷின் வச்சு ஒழுங்காப் பிடிக்கக் கத்துக்கிட்டா நாப்பது வீட்டுக் கத்தி பிழைக்கும். அந்த ஒருத்தனை விரட்டாதீங்க சாமிகளா.

டிஸ்கி: பெரிய மெஷின் யாராவது இலவசமா குடுத்தா வாங்கிக்குவேன். கொள்கை வேற, ஆசை வேற. ஹி ஹி.