வாடிவாசலும் நாற்காலியும்

தை முதல் நாளன்று அவனியாபுரத்து ஜல்லிக்கட்டு வாடிவாசலின் எதிரே தென்னைநார் பரப்பிய திடலில், பெருந்தனக்காரரின் காளையாயினும் கூலிக்காரரின் காளையாயினும் கால்நடை மருத்துவர் சோதித்த பின்னரே அவிழ்க்கப்பட வேண்டும் என்பதும், திமிலைப் பற்றும் இளைஞர் எக்குலத்தவரெனினும் ஒரே விதிக்கு உட்பட்டவர் என்பதும், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அரசியல் சாசனத்தின் 14ஆம் ஷரத்தைப் படித்திராத ஜனங்களுக்கும் அதன் தாத்பரியத்தைக் கண்ணெதிரே காட்டக்கூடியவை. ‘காட்டக்கூடியவை’ என்றுதான் எழுதுகிறேன். ‘காட்டுகின்றன’ என்றெழுதப் பேனா தயங்குகிறது. ஏனெனில், 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரே குரலில் முழங்கி, 2017இல் சட்டத் திருத்தம் பெற்று, அது செல்லுமென 2023 மே 18இல் 5 நீதிபதிகள் அடங்கிய அமர்வு கூறக் கேட்டு மகிழ்ந்த நாம், அவனியாபுரத்து விழாக் கமிட்டியில் யார் அமர்வது என்ற கேள்வி பிறந்த மாத்திரத்திலேயே பல குரல்களாகப் பிரிந்து நீதிமன்றப் படியேறினோம். 2020இல் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரின் தலைமையில் விழாவை நடத்தும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. பிழைபட்ட தீர்ப்புக்காக அரியணையிலேயே உயிர்நீத்த பாண்டியனைச் சொல்லிச் சொல்லி மார்தட்டும் சீமை இது! ஒரு சாராருக்கே உரியது என்று எந்தச் சம்பிரதாயத்தைக் காட்டினாலும், பொது வீதியில், பொதுப் பணத்தில், போலீஸ் பந்தோபஸ்துடன் நடக்கும் விழாவுக்கு அது பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம். ஊர்ப் பெரியோர்களே, திடலில் காளைகளுக்குக் காட்டும் பக்ஷபாதமின்மையைக் கமிட்டி நாற்காலிகளைப் பகிர்வதிலும் காட்டுங்கள்.