கண்ணை மூடாமலும் இருக்கலாம்



சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் தங்கியிருந்து யோகாசனம் பழக வாருங்கள் என்று பெண்கள் சங்கங்களுக்கூடாக அழைப்பு வருவது இப்போது நமது பகுதிகளில் புதுமையல்ல. ஜூன் 21ஆம் திகதியைச் சர்வதேச யோகா தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2014இல் பிரகடனம் செய்து, 2015 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது. அதன் பின்னர் இந்தப் பேச்சு ஊருக்கு ஊர் கேட்கிறது. ஆனால் அழைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: “எனக்கு எங்க நேரம்?”

நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேண்டும், திங்கட்கிழமை கடன் தவணை கட்ட வேண்டும், வயதுபோன மாமியைத் தனியே விட்டுவிட்டு வரமுடியாது. ஆயினும் கொஞ்சம் ஆறுதலாக இருந்து கதைத்தால் வேறு காரணங்களும் வெளியே வரும். தாலி இல்லாதவள் இரண்டு நாள் வெளியில் தங்கினால் ஊர் என்ன கதைக்கும்? பொய்க்காலைக் கழற்றுவதை நாலு பேர் பார்க்க வேண்டுமே? இரவில் நான் கத்தி எழும்பினால் பக்கத்தில் படுத்திருப்பவள் என்ன நினைப்பாள்? இவற்றை எவரும் கடிதத்தில் எழுதி அனுப்புவதில்லை. முகாம் நடத்துபவர்கள் இவற்றுக்குத்தான் முதலில் பதில் வைத்திருக்க வேண்டும்.

அண்மையில் வன்னியில் ஒரு குளக்கட்டுக்கு அருகே நடந்த இப்படியான ஒரு முகாமில் நானும் தங்கினேன். என்னுடன் சேர்த்து 23 பெண்கள். முப்பது வயதுக்காரியும் இருந்தார், எழுபதைத் தாண்டிய அம்மாவும் இருந்தார். பழக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். அவர் செய்த முதல் வேலை ஆசனம் பழக்கியதல்ல. எல்லோரையும் கூட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி நடந்தார். இதுதான் முன்வாசல், இதுதான் பின்வாசல், இரண்டும் இரவும் பகலும் பூட்டப்படாது. கழிப்பறை இந்தப் பக்கம், இரவில் அதற்கு விளக்கு எரியும். படுக்கிற இடத்திலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இருட்டு வேண்டுபவர்கள் அந்த மூலையில் பாயைப் போடலாம். பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்களுக்கு அடுத்த அறையில் ஒரு அக்கா இருந்தார். பஸ் காசைப் போகும்போதல்ல, வந்தவுடனேயே கையில் தந்துவிட்டார்கள். இடையில் எழும்பிப் போக நினைப்பவர் காசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை அல்லவா!

இது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் பங்கருக்குள்ளும் முட்கம்பிக்குள்ளும் இருந்து வந்தவர்களுக்கு, வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாத இடத்தில் மூச்சு ஆறாது. ஒரு முகாம் நம்மை வரவேற்கிறதா என்பதைப் பூமாலையிலும் குத்துவிளக்கிலும் பார்க்காதீர்கள். வாசலைப் பாருங்கள்.

பாயில் அமர்ந்ததும் ரீச்சர் இன்னொன்று சொன்னார். “நான் சொல்லுறதெல்லாம் செய்யவேணும் எண்டில்லை. கண்ணை மூட விருப்பமில்லாத ஆக்கள் திறந்து வச்சிருங்கோ. சுவர்ப்பக்கம் முதுகை வைக்க விரும்பினா வைக்கலாம். நான் ஒருதரையும் தொட்டுத் திருத்த மாட்டன். பின்னால வந்து நிக்கவும் மாட்டன்.” அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் தோள் இறங்கியதை நான் கண்டேன். அவர் ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சம்மணம் கட்டி இருக்க முடியாதவர்களுக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. ஜெய்ப்பூர் கால் போட்டவர்கள் இருவர் கதிரையில் இருந்தபடியே கையை உயர்த்தி, முதுகைத் திருப்பி, எல்லோருடனும் செய்தார்கள். ஒருவர் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார், மற்றவர் கழற்றவில்லை. ஷெல் சத்தத்தில் காது கேளாமல் போனவரை முன்வரிசையில் இருத்தி, வாய் அசைவு தெரியும்படி ரீச்சர் அவருக்கு நேரே நின்றார்.

முதல்நாள் பின்னேரம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. மூச்சுப் பயிற்சிகளில் ‘பிராமரி’ என்று ஒன்று உண்டு. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒலி எழுப்பியபடி மூச்சை மெல்ல வெளியே விடுவது. வண்டின் ரீங்காரம் போல இருப்பதால் அந்தப் பெயர். “இனி நாங்கள் வண்டு மூச்சுச் செய்வம்” என்று சொல்லி ரீச்சர் தொடங்கினார். மண்டபம் அப்படியே உறைந்துபோனது. வன்னியில் இறுதி யுத்த காலத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தலைக்கு மேலே இரவு பகலாகச் சுற்றிய வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர்தான் வண்டு. வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் எழுப்பிய அந்த ‘ம்ம்ம்’ ஒலியில் ஒரு பெண் எழுந்து பின்வாசலால் வெளியே போய்விட்டார்.

ரீச்சர் வேறு மாவட்டத்தவர், அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஆனால் உடனே நிறுத்தினார். “என்ன நடந்தது எண்டு ஆராவது சொல்லுவியளோ?” என்று கேட்டார். எழுபது வயது அம்மாதான் சொன்னார். அதன்பிறகு பயிற்சி இல்லை. வெளியே மர நிழலில் வெறுந்தேநீரும் பனங்கட்டியும் வந்தன. வெளியே போனவரும் அங்கேதான் இருந்தார். எவரும் அவரை உள்ளே வரச்சொல்லவில்லை. தேநீர் முடிகிற நேரத்தில் அந்த அம்மாவே ஒரு யோசனை சொன்னார்: “பிள்ளை, உதுக்கு வண்டு எண்டு சொல்லாதேங்கோ. பிள்ளையை ஆராட்டேக்க நாங்கள் உப்பிடித்தானே இழுக்கிறனாங்கள்?” அடுத்தநாள் அது ‘ஆராட்டு மூச்சு’ ஆயிற்று. விரும்பியவர்கள் வெளியில் திறந்த இடத்தில் இருந்து செய்தோம், சிலர் செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல்நாள் எழுந்துபோனவர் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்.

யோகாசனம் பழக்குபவர்கள் எத்தனை ஆசனம் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதைவிட, நிறுத்தத் தெரிந்தவர்களா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது எனது தனிப்பட்ட எண்ணம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு அண்மையில் இயங்கிய மனவடுச் சிகிச்சை நிலையம் ஒன்றில் 2003ஆம் ஆண்டளவில் இவ்வாறான ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் கட்டளை கிடையாது, ‘விரும்பினால் செய்து பாருங்கள்’ என்றுதான் சொல்லப்படும். தொட்டுத் திருத்துவதும் இல்லை. அந்த நிலையத்தைச் சேர்ந்த மனநல வைத்தியர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க்கும் மற்றவர்களும் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. வேறு சிகிச்சைகளால் போதிய பலன் கிடைக்காத 64 பெண்கள் அதில் பங்குபற்றினார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணித்தியாலம் வீதம் 10 வாரம் யோகாசனம், மற்றக் குழுவுக்குச் சுகாதாரக் கல்வி. முடிவில் யோகாசனக் குழுவில் 31 பேரில் 16 பேருக்கு அந்த மனவடு நோய்நிலை இருந்ததாகச் சொல்ல முடியாத அளவுக்கு முன்னேற்றம் இருந்தது. மற்றக் குழுவில் 29 பேரில் 6 பேருக்குத்தான் அப்படி.

ஆனால் கவனியுங்கள்: அது 10 வாரம். சனி ஞாயிறு இரண்டு நாளில் ஒன்றும் தீர்ந்துவிடாது. முகாமிலிருந்து திரும்பும்போது ‘எல்லாம் சுகம்’ என்று எவராவது வாக்குத் தந்தால் அவரை நம்பாதீர்கள்.

மூச்சு எப்படி உதவுகிறது என்பதை நீங்களே உங்கள் கையில் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், வெளியே விடும்போது சற்றுத் தணியும். ஆகவே வெளியே விடும் மூச்சைக் கொஞ்சம் நீட்டினால் நெஞ்சுப் படபடப்பு இறங்க உதவுகிறது. உள்ளே மூன்று எண்ணும்வரை, வெளியே ஐந்து எண்ணும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அடுப்படியில் நின்றும் செய்யலாம். இதற்கு நேர்மாறாக, வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் கபாலபாதி, பஸ்திரிகா போன்றவையும், மூச்சை அடக்கி வைப்பதும் பதற்றம் உள்ளவர்களுக்கு அந்தப் பழைய பயத்தையே கிளப்பிவிடக்கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இவற்றையும் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும். உடம்பில் இன்னும் ஷெல் பீஸ் இருப்பவர்கள், குறிப்பாக முதுகெலும்புக்கோ கழுத்துக்கோ அருகில் இருப்பவர்கள், வைத்தியரிடம் கேட்காமல் முறுக்கும் ஆசனங்களைச் செய்யக்கூடாது. கர்ப்பிணிகளும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் அப்படியே.

இன்னொரு தயக்கம் சமயம். எங்கள் முகாமில் கத்தோலிக்கச் சகோதரிகள் ஆறுபேர் இருந்தார்கள். தியானத்துக்கு என்று போய்த் தங்கிப் பழகியவர்கள் என்பதால் தங்குவதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை, ‘ஓம்’ சொல்வதில்தான் இருந்தது. சொல்லத் தேவையில்லை என்றார் ரீச்சர். இதற்கும் நமது மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. ‘மனவடு’ நூலை எழுதிய யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், சாந்தப் பயிற்சிகளை அவரவர் நம்பிக்கையோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம் என்று காட்டியவர். சைவருக்கு மந்திரம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம். எதுவும் வேண்டாம் என்பவருக்கு வெறும் மூச்சே போதும். யோகாசனம் ஏதோ வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த நாகரிகம் என்பதும் சரியல்ல. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனத்தையும் மூச்சையும் பற்றித்தான் பாடியிருக்கிறார். 1969இல் அமெரிக்காவில் நடந்த வூட்ஸ்ரொக் இசை விழாவைத் தொடக்கிவைத்த சுவாமி சச்சிதானந்தர், அதற்கு முன்னர் திருகோணமலையிலும் கண்டியிலும் இருந்து யோகம் பழக்கியவர்!

மேலே சொன்ன எழுபது வயது அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைப் பையில் கொண்டுவந்திருந்தார். பாய்க்குப் பக்கத்தில் அதையும் வைத்துக்கொண்டுதான் படுத்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் முதல் வாரமே போய் இருந்தவர். இரண்டாம் நாள் காலை ரீச்சரிடம் நேரடியாகவே கேட்டார்: “எங்களை ஆறச்சொல்லி, பேசாமல் இருக்கச்சொல்லித்தானோ உதெல்லாம் பழக்குறியள்?”

இந்தக் கேள்வி அநியாயமான கேள்வி அல்ல. காணிக்கும் பிள்ளைக்கும் பதில் கேட்கிற பெண்களிடம் ‘மனதை அமைதிப்படுத்துங்கள்’ என்று சொல்வது சிலருக்கு வசதியாகத்தான் இருக்கிறது. நித்திரையின்மையையும் நெஞ்சிடியையும் யோகாசனம் கொஞ்சம் குறைக்கலாம். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. ரீச்சரும் சுற்றி வளைக்கவில்லை. “இல்லையம்மா. நீங்கள் இன்னும் எத்தினை நாள் ரோட்டில இருக்கவேணுமோ தெரியாது. முழங்காலும் முதுகும் அதுவரைக்கும் இருக்கவேணும்” என்றார். அம்மா சிரித்துவிட்டு, முழங்காலுக்கு எது நல்லது என்று கேட்டார்.

நீங்கள் போக நினைத்தால், போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள். பழக்குபவர் பெண்ணா? தொட்டுத் திருத்துவாரா? கதிரை இருக்குமா? பிள்ளையைக் கூட்டிவரலாமா? இடையில் வீட்டுக்கு வர வசதி உண்டா? படம் எடுப்பார்களா? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நாம் கண்ணை மூடிப் படுத்திருக்கும் படம் ஏதோ ஓர் அறிக்கையின் அட்டையில் வரவேண்டியதில்லை. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுபவர்களின் முகாமுக்குப் போகாமல் விடுவதே நல்லது. உடுப்பு விசேடமாக ஒன்றும் வேண்டாம், வீட்டில் போடும் தளர்ந்த பஞ்சாபி போதும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள், முதல் தடவை என்றால் கட்டாயம்.

பயிற்சிக்குப் பின்னர் கெட்ட கனவு கூடினாலோ, பழைய காட்சிகள் பகலிலும் வந்தாலோ, உயிரை விட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எங்கள் முகாமில் இருந்தவர்களில் ஒரே ஊரைச் சேர்ந்த ஆறுபேர் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் நாலரைக்கு முன்பள்ளிக் கட்டடத்தில் கூடுகிறார்கள். முக்கால் மணித்தியாலம், பிறகு தேநீர். முன்பள்ளிக் கதிரைகள் சிறியவை என்பதால், வேண்டியவர்கள் வீட்டிலிருந்தே பிளாஸ்ரிக் கதிரையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.