ஓட்டுப் போட்டவர் ஒருவர், பழி சுமப்பவர் இன்னொருவரா?

பொதுத் தேர்தல் முடிந்ததும் வென்றவர் பதவிக்குப் போக வேண்டும்; தோற்றவர் தம் குறையை எண்ணிப் பார்க்க வேண்டும்; ஓட்டுப் போட்டவர் மறுநாள் காலை வழக்கம் போல் வேலைக்குப் போக வேண்டும். ஜனநாயகத்தின் முறை அதுதான். ஆனால் நம் நாட்டில் ஓட்டு எண்ணிக்கை முடிந்த அன்றே இன்னோர் எண்ணிக்கை தொடங்கி விடுகிறது. எந்த மாநிலம் காலை வாரி விட்டது, எந்த ஜாதி கைவிட்டது, எந்த மொழிக்காரன் நன்றி மறந்தான் என்ற எண்ணிக்கை அது. இதை நடத்தத் தேர்தல் அதிகாரி தேவையில்லை. டீக்கடையும் ரயில் பெட்டியும் போதும்.

இந்த இரண்டாவது எண்ணிக்கையில் முதலில் அகப்பட்டுக் கொள்பவர் வெளி மாநிலத்தில் பிழைக்கும் தொழிலாளியும் குமாஸ்தாவும்தான். மும்பையில் ஆபீஸ் கேன்டீனிலோ, காலை நேர லோக்கல் ரயில் நெரிசலிலோ, "உங்கள் ஆட்கள் இப்படிச் செய்து விட்டார்களே" என்று ஒருவர் ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கும் தமிழர் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதே மனிதர் விடுமுறையில் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ போய் இறங்கினால், "உங்கள் மும்பைக்காரர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். அவருக்கு எந்த ஊரில் ஓட்டு இருந்தது, அதைப் போட முடிந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2024 பொதுத் தேர்தலுக்குப் பின் அயோத்தி மக்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. அந்த ஆண்டு ஜனவரி 22-ந் தேதி அங்கே ராமர் கோவில் திறக்கப்பட்டது. ஜூன் 4-ந் தேதி ஓட்டுகள் எண்ணப்பட்ட போது, அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத் தொகுதியில் பாரதிய ஜனதா வேட்பாளரை சமாஜ்வாதி வேட்பாளர் அவதேஷ் பிரசாத் 54,567 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். உடனே அயோத்திவாசிகள் மீது வசை மாரி பொழிந்தது. நன்றி கெட்டவர்கள் என்றார்கள். அங்கே போகிறவர்கள் உள்ளூர்க் கடைகளில் எதுவும் வாங்கக் கூடாது என்றுகூடப் பிரசாரம் செய்தார்கள். பூ விற்பவரும், பிரசாதக் கடைக்காரரும், ரிக்‌ஷா ஓட்டுபவரும் தண்டிக்கப்பட வேண்டியவர்கள் ஆனார்கள்.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? தோற்ற பாரதிய ஜனதா வேட்பாளர் அந்தத் தொகுதியில் வாங்கிய ஓட்டு ஏறத்தாழ ஐந்து லட்சம். அயோத்தி நகரம் அடங்கிய சட்டமன்றப் பகுதியை மட்டும் தனியாகப் பார்த்தால், அங்கே முன்னணியில் இருந்தது பாரதிய ஜனதாவே! தொகுதியின் மற்றப் பகுதிகளில் விழுந்த ஓட்டுக்குக் கோவில் வாசல் கடைக்காரர் வசவு வாங்கினார். அவர் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டிருந்தாலும் வசவு வசவுதான். மாற்றிப் போட்டிருந்தால்தான் என்ன? அது அவருடைய உரிமை அல்லவா?

இந்த நோய் நேற்று வந்தது அல்ல. 1977 மார்ச் மாதத் தேர்தலை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அவசர நிலைக்குப் பின் நடந்த அந்தத் தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்து எறியப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றுகூட இல்லை. பீகாரின் 54-லும் ஒன்றுமில்லை. டில்லி, அரியானா, பஞ்சாப் எல்லாம் அதே கதை. ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியே தோற்றார். தெற்கே நேர் மாறாக, ஆந்திராவில் 42-ல் 41 இடங்களும் கர்நாடகத்தில் 28-ல் 26 இடங்களும் காங்கிரசுக்குக் கிடைத்தன. கேரளத்தில் காங்கிரஸ் அணி 20 இடங்களையும் பிடித்தது. தமிழ்நாட்டில் அண்ணா தி.மு.க. – காங்கிரஸ் அணி 39-ல் 34 இடங்களை வென்றது.

"வடக்கு விடுதலைக்கு ஓட்டுப் போட்டது, தெற்கு சர்வாதிகாரத்துக்கு ஓட்டுப் போட்டது" என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. சுதந்திரத்தின் அருமை தெரியாதவன் மதராசி என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. காரணத்தைப் பொறுமையாகப் பார்க்க அன்று யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கட்டாயக் கருத்தடையின் கொடுமை வட மாநிலக் கிராமங்களைத்தான் அதிகம் வாட்டியது. டில்லியில் துர்க்மான் கேட் குடியிருப்புகள் இடிக்கப்பட்டதை அங்குள்ள மக்கள் கண்ணால் கண்டார்கள். பத்திரிகைத் தணிக்கை இருந்ததால் ஒரு மூலையில் நடந்தது இன்னொரு மூலைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவரவர் வாழ்க்கையில் பட்டதை வைத்து அவரவர் ஓட்டுப் போட்டார்கள். தெற்கே அவசர நிலையின் அடி விழவே இல்லை என்பதும் சரியல்ல. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, மிசா கைதிகளால் சிறைகள் நிரம்பின.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1980 ஜனவரியில் மறு தேர்தல் வந்தது. ஒரு தொகுதிகூடத் தராத அதே உத்தரப் பிரதேசம் இந்திரா காந்தியின் கட்சிக்கு 51 இடங்களைக் கொடுத்தது. பீகார் 30 கொடுத்தது. டில்லியின் 7-ல் 6 அவர் பக்கம் போயின. அவர் மீண்டும் பிரதமரானார். 1977-ல் தெற்கைப் பார்த்துச் சொன்ன சுடுசொற்களை 1980-ல் எங்கே கொண்டு போய் வைப்பது? ஜனங்களின் மனம் மாறும். அதற்காகவே தேர்தல் இருக்கிறது. ஆனால் அண்டை வீட்டாரிடம் ஒரு முறை கொட்டிய சொல்லை அடுத்த தேர்தல் வந்து அள்ளிக் கொடுக்காது.

தேர்தல் முடிந்ததும் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் காட்டும் வர்ண வரைபடம்தான் பல பேரை ஏமாற்றுகிறது. ஒரு மாநிலம் முழுவதும் ஒரே நிறம். பார்ப்பவருக்கு அங்கே இருக்கும் அத்தனை பேரும் ஒரே கட்சி என்று தோன்றும். ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் தொகுதி முழுவதும் அவருக்கே என்பது நமது தேர்தல் முறை. 1977-ல் காங்கிரசுக்கு ஒரு இடமும் கிடைக்காத உத்தரப் பிரதேசத்தில், நான்கில் ஒருவர் காங்கிரசுக்கே ஓட்டுப் போட்டிருந்தார். காங்கிரஸ் கோட்டை என்று சொல்லப்பட்ட ஆந்திராவில் சுமார் மூன்றில் ஒருவர் ஜனதாவுக்கு ஓட்டுப் போட்டார். கிடைத்தது ஒரே இடம். வரைபடம் பிரித்துக் காட்டியது போல் மக்கள் பிரிந்து நிற்கவில்லை.

2024-ல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் தி.மு.க. அணி வென்றது. அந்த அணி வாங்கிய ஓட்டு 100-க்கு 47 அளவில்தான். மீதிப் பாதிக்கு மேல் மற்றக் கட்சிகளுக்குப் போயிற்று. அதே தேர்தலில் வட மேற்கு மும்பைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 48 ஓட்டு! இரு தரப்பும் தலா நாலரை லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தன. அந்த 48 பேர் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் தொகுதியின் நிறமே மாறியிருக்கும். இதை வைத்துக் கொண்டு, "வட மேற்கு மும்பைக்காரர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று பேச முடியுமா?

இந்த நகரின் பழைய கதை இன்னொன்று உண்டு. 1967 பொதுத் தேர்தலில் வடகிழக்கு பம்பாயில் கிருஷ்ண மேனன் சுயேச்சையாக நின்ற போது, தென்னாட்டார் என்று சொல்லியே அவருக்கு எதிராகச் சிவசேனை பிரசாரம் செய்தது. மேனன் தோற்றார். அந்த நாட்களில் தென்னிந்தியர் மனத்தில் இருந்த அச்சம் கொஞ்சமல்ல. ஆனால் பத்தே ஆண்டுகளில், 1977-ல், அதே வடகிழக்கு பம்பாய் சென்னையில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1980-ல் மறுபடியும் அனுப்பியது. ஒரு தேர்தலை வைத்து ஒரு நகரத்துக்கு நிரந்தர முத்திரை குத்துவது எவ்வளவு பேதமை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பழி சுமத்துபவர்கள் எப்போதும் மற்றவர்கள்தான் என்று தமிழர்களும் சொல்லிக் கொள்ள முடியாது. "படிப்பறிவு இல்லாத பய்யாக்கள் ஓட்டுப் போட்டுத்தானே இந்த நிலைமை" என்று நம்மவர் பேசுவதும் காதில் விழத்தான் செய்கிறது. 2023 டிசம்பரில் ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்த சமயம், தமிழகத்தைச் சேர்ந்த எம்.பி. ஒருவர் மக்களவையிலேயே இந்தி மாநிலங்களை இழிவான அடைமொழியால் குறிப்பிட்டார். அது அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அவரும் வருத்தம் தெரிவித்தார். டில்லியில் ஒருவர் பேசி விட்டு வருத்தம் தெரிவித்து விடலாம். அந்தப் பேச்சுக்கு மறுநாள் விளக்கம் சொல்ல வேண்டியவர் கான்பூரிலும் போபாலிலும் வேலை பார்க்கும் தமிழர். அதே போல் வடக்கே ஒரு தலைவர் தமிழரைத் தூற்றினால், அதன் எதிரொலி விழுவது திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டும் பீகார் இளைஞனின் தலையில்.

இரண்டு பேரும் ஒரே ஜாதி: பிழைக்க வந்த ஜாதி. ஒருவர் மேல் விழும் அடி இன்னொருவர் மேல் விழ அதிக நேரம் ஆகாது.

இவ்விஷயத்தில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவின்படி, யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்பதைச் சொல்லும்படி எந்தச் சாட்சியையும், வேறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைச் சக பிரயாணியும் சூப்பர்வைசரும் எடுத்துக் கொள்வது என்ன நியாயம்?

தனி மனிதனின் ஓட்டு ரகசியமாக இருந்தாலும், தெருவின் ஓட்டு இப்போது ரகசியமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாக்குச் சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண வழி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடிக்கும் தனிக் கணக்கு வருகிறது. ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர்கள் அளவில்தான். எந்தச் சால், எந்தக் குடிசைப் பகுதி, எந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பது பட்டியலாகவே கிடைக்கிறது. "உங்கள் தெரு எங்களுக்குப் போடவில்லை, பிறகு குழாய்க்கும் சாக்கடைக்கும் ஏன் எங்களிடம் வருகிறீர்கள்?" என்று கேட்க அந்தப் பட்டியல் வசதியாகி விடுகிறது.

இதற்குப் பரிகாரமும் உண்டு. 14 சாவடிகளின் இயந்திரங்களைச் சேர்த்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைக் கொண்டு வரலாம் என்று 2008-லேயே தேர்தல் கமிஷன் யோசனை சொன்னது. சட்டக் கமிஷன் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2024 தேர்தலிலும் அது வரவில்லை. தெருவைப் பழிவாங்கும் வாய்ப்பை மூடி விட ஆட்சியாளர்களுக்கு மனம் வரவில்லை என்றால், மக்கள்தான் அதைக் கேட்க வேண்டும்.

இன்னொரு குறையும் தீரவில்லை. ஊருக்குப் போக லீவும் டிக்கெட்டும் கிடைக்காமல், வேலை செய்யும் ஊரிலும் பட்டியலில் பெயர் இல்லாமல், எங்கும் ஓட்டுப் போடாமலே பழி சுமப்பவர்கள் ஏராளம். 2019 பொதுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தும் 30 கோடிப் பேர் ஓட்டுப் போடவில்லை. வெளியூர் வாக்காளர் இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரம் ஒன்றை 2023 ஜனவரியில் தேர்தல் கமிஷன் கட்சிகள் முன் வைத்தது. பல கட்சிகள் ஆட்சேபித்தன. 2024 தேர்தலில் அது பயன்படவில்லை. ஆட்சேபத்தில் நியாயம் இருக்கலாம். மாற்று வழி சொல்லும் பொறுப்பும் அந்தக் கட்சிகளுக்கு உண்டு. அது வரும் வரை காத்திராமல், வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பட்டியலில் பெயர் சேர்த்துக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றிக் கொள்ளத் தனிப் படிவமும் இருக்கிறது. பழிக்கு மட்டும் பங்காளியாக இல்லாமல் உரிமைக்கும் பங்காளியாக இருக்க ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் முனைய வேண்டும்.

தேர்தலில் தோற்ற தலைவர்கள் தங்கள் தவறைப் பற்றிப் பேசுவதைவிட ஓட்டுப் போட்டவர்களைக் குறை சொல்வது எளிது என்று கண்டு கொண்டார்கள். வென்றவர்களுக்கும் இது லாபமே. மக்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக் கொண்டிருக்கும் வரை, வாக்குறுதி என்னாயிற்று என்று அவர்களைக் கேட்க ஆள் இருக்காது. விலைவாசி, வேலை, ரேஷன், குடியிருப்பு இவற்றில் எதற்கும் பக்கத்து வீட்டு மராட்டியரோ, பீகாரியோ, தமிழரோ பொறுப்பாளி அல்ல. பொறுப்பாளிகள் ஐந்து ஆண்டுச் சம்பளத்துக்குப் பாராளுமன்றம் போயிருக்கிறார்கள். கேள்விகள் அவர்களுக்கே போய்ச் சேரட்டும்.

"உங்கள் ஆட்கள்" என்று யாராவது தொடங்கினால் தமிழர்கள் சண்டைக்குப் போகவும் வேண்டாம், தலை குனியவும் வேண்டாம். ஓட்டு அவரவர் சொத்து, பேச வேறு விஷயம் இருக்கிறது என்று சொல்லி விடலாம். தமிழர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரக் கூடாது. தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டியிருக்கிறது.